காச்சாத பாலும் கண்ணாடி பாட்டிலும்

ஏங்கண்ணு, பொண்ணு பாக்கப் போனாக்கூட நீ இத்தனை வெவரம் கேட்டிருக்க மாட்டே. பால் வாங்கறதுக்கு மாட்டோட குலம் கோத்திரமெல்லாம் கேக்கறயாமா? கீர் மாடா, சாஹிவாலா, கில்லாரியா? திமில் எத்தனை ஒசரம்? சிமிட்டியில நிக்குதா, மண்ணுல நிக்குதா? பாட்டுக் கேக்குதா? கேட்டா என்ன பாட்டு, பீம்சேன் ஜோஷியா, வெறும் புல்லாங்குழலா? அத்தனையும் விசாரிச்சுப்போட்டு, கண்ணாடி பாட்டில வாங்கி, மூடியத் தொறந்து, காச்சாம கொள்ளாம மடக்கு மடக்குன்னு குடிக்கறே. கேட்டா, "பச்சைப் பால் தாத்தா, உசிருள்ள பால்"ங்கறே.

உசிரு இருக்குதுங்கறது நெசந்தான். எத்தனை உசிருன்னு எண்ணிப் பாத்தயா?

நானு காங்கேயத்துப் பக்கம் மாடு கன்னு கட்டிப் பொழைச்சவன். சொசைட்டில பால் ஊத்தியே புள்ளைகளைப் படிக்க வெச்சவன். அதுல ஒருத்தனோட மகன் நீ, இப்ப பூனாவுல, பானேர்ல, பன்னெண்டாவது மாடில குடியிருக்கறே. அங்க இருந்து எட்டிப் பாத்தா ஒரு மாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனா போன்ல தெரியுது. மாடு என்ன தின்னுச்சு, எங்க மேஞ்சுது, அதும்பட பேரு என்ன, எல்லாம் வருது. லட்சுமியாம். பாலை எத்தனை மணிக்குக் கறந்தாங்க, எத்தனை மணிக்குக் குளுர வெச்சாங்க? அது மட்டும் போன்ல இல்ல.

சாதகம் பாத்தவன் மணியப் பாக்காம உட்டுட்டானே, அதுதான் எனக்குச் சிரிப்பு.

மடிக்குள்ள இருக்கற வரைக்கும் பால் ஏறக்குறையச் சுத்தந்தான் கண்ணு. அதுவும் மாட்டுக்கு நோவு நொடி இல்லாட்டி. வெளிய வந்த நொடில இருந்துதான் கதை. ராத்திரி பூரா மாடு எங்க படுத்திருந்துச்சு? அது போட்ட சாணி மேலயேதான். வெடியால எந்திரிக்கறப்பக் காம்புல என்ன ஒட்டியிருக்கும், சந்தனமா? கறக்கறவன் கைல என்ன இருக்கும்? இப்பத்தான் கட்டுத்தரையக் கூட்டி அள்ளிப் போட்டு வந்திருப்பான். தொட்டித் தண்ணில ரெண்டு அலசு. வேட்டில ஒரு தொடை. அந்தத் தொட்டில மாடும் தண்ணி குடிக்கும், காக்காயும் குளிக்கும். அப்பறம் மாடு ஈ ஓட்ட வாலைச் சுழட்டும். அந்த வாலு போசிக்கு மேலதான் போயிட்டு வரும். "கைபடாத பால்"னு எழுதி ஒட்டறாங்களே, வால் படாத பால்னு ஆராச்சும் எழுதி நீ பாத்திருக்கறயா?

"எங்குளுது மெசின்ல கறக்கறது தாத்தா"ம்பே. சந்தோசம். பூனா மாவட்டத்துல மஞ்சர்னு ஒரு ஊரு, நாசிக் போற ரோட்டுல. அங்க பாக்கியலட்சுமின்னு ஒரு பெரும் பண்ணை. மாடுக வரிசையா ஒரு சுத்தற மேடைல ஏறி நிக்குமாம், மேடை ஒரு சுத்துச் சுத்தி வர்றதுக்குள்ள கறவை முடிஞ்சுருமாம். மெனக்கெட்டுத்தான் கட்டியிருக்கறாங்க. அதைப் பாத்துப்போட்டு இப்ப நாலு மாடு வெச்சிருக்கறவனெல்லாம் ஒரு சின்ன மெசின் வாங்கி மாட்டிக்கறான். வாங்கட்டும். ஆனா மெசினை ஆரு கழுவறது? காம்பைக் கவ்வற ரப்பரு, பால் ஓடற குழாயி, அத்தனையும் கறவை முடிஞ்ச கையோட சுடுதண்ணி ஊத்திக் காரத்துல கழுவோணும், அப்பப்ப அமிலத்துல கழுவோணும். உட்டா உள்ளுக்குள்ள வழவழன்னு ஒரு படலம் புடிச்சுக்கும். கிருமிக அதுக்குள்ள குடித்தனம் நடத்தும், வாடகை இல்லாம. ரப்பரு வெடிச்சிருந்தா இன்னும் வசதி. ஒரு மாட்டு மடிநோயை அடுத்த மாட்டுக்குத் தூக்கிட்டுப் போறதும் அதே ரப்பருதான். வெளிய எஃகு பளபளன்னு இருக்கும், நீ போட்டோப் புடிச்சுக்குவே.

மடிநோய்னதும் ஞாவகம் வருது. வீங்கிச் செவந்து போன மடி, எவனுக்கும் தெரியும். தெரியாத மடிநோய் ஒண்ணு இருக்குது, அதுதான் கள்ளன். மாடு நல்லாத் திங்கும், பாலு வெள்ளையாத்தான் இருக்கும், உள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் உக்காந்திருக்கும். (பேரைச் சொல்லிக் குடுத்தது என்ற பேத்தி. நாமக்கல்லுல மாட்டு டாக்டருக்குப் படிக்குது. நாலு தடவை சொல்ல வெச்சுத்தான் என்ற நாக்கு திரும்புச்சு.) எங்கப்பன் காலத்துல மொதல் ரெண்டு பீச்சைப் பூமாதேவிக்குன்னு தரைல உடுவாங்க. மொதப் பீச்சுலதான் கிருமி எச்சுன்னு இப்பச் சொல்றாங்க. அதை ஒரு கறுப்புக் கிண்ணத்துல புடிச்சுப் பாத்தா, திரி திரியா ஏதாச்சும் கெடந்தாத் தெரிஞ்சு போகும். உன்ற பச்சைப்பால்காரன்கிட்ட அந்தக் கிண்ணம் இருக்குதான்னு கேட்டுப் பாரேன்.

சரி, கணக்குக்கு வருவோம். நீ இஞ்சினீரு, கணக்குப் பிடிக்கும். கறந்த சூட்டுல இருக்கற பால்ல ஒரே ஒரு ஈ.கோலி பாக்டீரியா உளுந்துச்சுன்னு வெய்யி. தோதாச் சூடும் தீனியும் இருந்தா 20 நிமிசத்துக்கு ஒருக்கா அது ரெட்டிக்கும். ஒரு மணி நேரத்துல 8. மூணு மணி நேரத்துல 512. காத்தால ஆறு மணிக்கு உளுந்தது, மத்தியானம் பன்னெண்டுக்கு 2,62,144. எங்கூருப் பக்கம் மீட்டர் வட்டிக்கு உடறவன் இருக்கறான், அவனே இதைப் பாத்தா எந்திரிச்சுக் கும்புடுவான். அதுவும் ஒண்ணே ஒண்ணு உளுந்தாத்தான் இந்தக் கணக்கு. கை கழுவாதவன் போசில ஒண்ணா உளுவும்?

இதை நிறுத்தறதுக்கு ஒரே வழி, வட்டி ஏறாம அசலை ஒறைய வெக்கறது. கறந்த பாலைச் சீக்கிரமா 4 டிகிரிக்குக் கொண்டு போகோணும். அதுக்குத்தான் சொசைட்டில பல்க் கூலரு. பெரிய தொட்டி, உள்ள துடுப்புச் சுத்திட்டே இருக்கும். கரண்டு போனா ஜெனரேட்டர் வேணும். இதையெல்லாம் உட்டுப்போட்டு, சித்திரை வெயில்ல மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் கேனைத் தொங்க உட்டு, முல்ஷி பக்கமிருந்து பானேருக்கு ஒருத்தன் வர்றான். பாலு கெட்டுப் போகுமேன்னு ஐஸ்கட்டி போட்டுக்குவான். ஐஸ் எந்தத் தண்ணில ஒறைஞ்சுதுன்னு அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கிருமிக்குத் தெரியும்.

ஒரு ஞாயித்துக்கெழமை நீ என்னையப் பண்ணை பாக்கக் கூட்டிட்டுப் போனே. ஊருப்பட்ட கார் நின்னுச்சு. மாட்டைக் கட்டிப் புடிக்கறதுக்கு வரிசை கட்டி நிக்கறாங்க சாமி! மாடு என்ன பாவம் பண்ணுச்சோ. ஆளாளுக்கு மண் கோப்பைல பச்சைப் பாலு. மேல மீசை வெச்ச மாதிரி நொரையோட போட்டோ. நானு மெல்லப் பொறத்தால போனேன், கறக்கறவன் ஊடு அங்கதான். அந்தம்மா அடுப்புல பாலு கொதிச்சுட்டிருந்துச்சு, ஆடை கட்டற அளவுக்கு. எனக்கு மராட்டி வராது, அதுக்குத் தமிழ் வராது. மாட்டையும் காட்டி, வாயையும் காட்டி, அப்படியே குடிப்பீங்களான்னு கையாலயே கேட்டேன். அது தலையத் தலைய ஆட்டிச் சிரிச்சுப்போட்டு அடுப்பக் காட்டுச்சு. எனக்கும் ஒரு டீ குடுத்துச்சு. அதும் நல்ல டீ.

மாட்டுக்குப் பக்கத்துலயே படுத்து எந்திரிக்கறவ காச்சிக் குடிக்கறா. மாட்டைப் போன்ல பாக்கறவன் காச்சாமக் குடிக்கறான். இதுல ஆரு நாகரிகம், ஆரு நாட்டுப்புறம்?

நீ சொல்ற "நம்ம முன்னோருக" கதையும் எனக்குத் தெரியும். முன்னோருக பச்சைப் பாலா குடிச்சாங்க? புது ஊட்டுக்குப் போனா மொத வேலை என்ன பண்ணறோம்? பால் காச்சறோம். கட்டிலு போகறதுக்கு முன்னால, பீரோ போகறதுக்கு முன்னால, அடுப்பு மூட்டிப் பாலைப் பொங்க வெக்கறோம். "புது ஊட்டுல பச்சைப் பால் குடிச்சோம், வாங்க"ன்னு எவனாச்சும் பத்திரிகை அடிச்சானா? நீ இருக்கற பூனாவையே பாரு. ஐப்பசிப் பக்கம் கோஜாகிரி பௌர்ணமின்னு ஒண்ணு வருது. மொட்டை மாடில நெலா வெளிச்சத்துல எல்லாரும் கூடிப் பால் குடிக்கறாங்க. எப்படி? நல்லாச் சுண்டக் காச்சி, ஏலக்கா, சாதிக்கா, குங்குமப்பூப் போட்டு. சீம்பால்ல கர்வஸ் பண்ணறாங்களே, அது ஆவில வேகுது. பாசுந்தி? மணிக்கணக்குல அடுப்புல கெடக்குது. இந்த நாட்டுல பாலைத் தொட்டவனெல்லாம் அடுப்பத் தொட்டுத்தான் தொட்டிருக்கறான்.

"கண்ணு முன்னாலயே கறந்து குடுத்தா?"ன்னு கேப்பே. கேளு. அதுக்கும் ஒரு கதை இருக்குது, நம்மூருக் கதை இல்ல.

மால்ட்டான்னு கடலுக்கு நடுவால ஒரு தீவு. வெள்ளக்காரப் பட்டாளம் அங்க இருந்துச்சு. சிப்பாய்களுக்கு ஒரு காச்சல். ஏறும், எறங்கும், மறுக்கா ஏறும். மாசக்கணக்குல உடாது. மூட்டெல்லாம் நோகும், வேர்த்து ஊத்தும். 1887-ல டேவிட் புரூஸ்னு ஒரு பட்டாளத்து டாக்டரு, செத்த சிப்பாயோட மண்ணீரல்ல இருந்து கிருமியப் புடிச்சுப்போட்டாரு. ஆனா கிருமி எந்த வழியா உள்ள போகுதுன்னு தெரியல. காத்துன்னான் ஒருத்தன், கொசுன்னான் ஒருத்தன். வருசம் 18 ஓடிப் போச்சு. 1905-ல அந்த ஊருக்காரரே ஒருத்தரு, தெமிஸ்டோக்லெஸ் சம்மிட்னு பேரு, வெள்ளாட்டு ரத்தத்தச் சோதிச்சுப் பாத்தாரு. ஆடுதான்! நல்லாக் கொழுகொழுன்னு, ஒரு சீக்கும் வெளிய தெரியாத ஆடு. மால்ட்டாவுல ஆட்டுக்காரன் மந்தைய ஓட்டிட்டு ஊடு ஊடாப் போவான். வாசப்படில ஆட்டை நிறுத்தி, கண்ணு முன்னாலயே கறந்து, ஏனத்துல ஊத்திக் குடுப்பான். அதைவிடப் புதுப் பால் இந்த ஒலகத்துல உண்டா? கலப்படம் உண்டா? ஒரு சொட்டுத் தண்ணி உண்டா? அந்தப் பால்லதான் காச்சல். 1906-ல பட்டாளத்துக்கு அந்தப் பாலை நிறுத்துனாங்க, காச்சல் சடார்னு கொறைஞ்சு போச்சு. அதே சமயத்துல மால்ட்டா ஆடு நல்ல கறவைன்னு கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்குத் தாட்டி உட்டாங்க. வழியில ஓசில பால் கெடைக்குதேன்னு குடிச்ச கப்பல்காரங்க பல பேரு காச்சல்ல படுத்தாங்க.

அந்தக் கிருமிக்கு இப்பப் புரூசெல்லான்னு பேரு. மாட்டுக்கும் வரும். நெற மாசத்துல கன்னு வீசிப்போடும். ஒவ்வொரு கட்டுத்தரைலயும் இந்தத் துக்கம் கேட்டிருக்கறேன். 4 மாசத்துல இருந்து 8 மாசத்துக்குள்ள கெடாரிக் கன்னுக்கு ஒரு ஊசி போட்டாத் தீந்துது. 2019-ல மத்திய அரசு திட்டம் போட்டு நாடு பூரா அதை எடுத்துட்டு வந்துச்சு. உன்ற லட்சுமிக்குக் கன்னா இருக்கறப்ப அந்த ஊசி போட்டாங்களா? போன்ல பாட்டு வருதே, ஊசி வருதா?

மால்ட்டா ஆட்டைக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாலயே வெள்ளக்காரன் பால்ல சூடு பட்டவன். இங்க பட்டாளத்துக்குப் பஜார்ப் பால் ஆகாதுன்னு 1889-ல அலகாபாத்துல சொந்தமா மாட்டுப் பண்ணை போட்டான். அப்பறம் ஊரூரா ராணுவப் பால் பண்ணை வந்துச்சு, உன்ற பக்கத்துப் பிம்ப்ரி வரைக்கும். 2021-ல எல்லாத்தையும் மூடிப்போட்டாங்க. இப்பப் பாலு பாக்கெட்டுல வருதே, தனியா மாடு எதுக்கு?

அட, பூனாவுல நடந்த கலவரத்தைச் சொல்லோணுமல்லோ. 2025 சனவரில நானு பூனாவுலதான் இருந்தேன். சிங்ககட் ரோட்டுப் பக்கம், கிர்கட்வாடி, நாந்தேட்னு அந்தப் பக்கத்து ஊருகள்ல சனங்களுக்குத் திடீர்னு கை கால் மரத்துப் போச்சு. கில்லன் பாரேன்னு ஒரு சீக்கு. ஒடம்பே ஒடம்போட நரம்பைத் தின்னும். 200 பேருக்கு மேல படுத்தாங்க, செல பேரு போயும் சேந்தாங்க. பூனாவுலயே இருக்கற தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்துல சோதிச்சதுல, செல பேரு வயித்துல கேம்பைலோபாக்டர்னு ஒரு பாக்டீரியா இருந்துச்சு. குடிக்கற தண்ணி மேல சந்தேகம். சுத்திகரிச்ச தண்ணின்னு கேன்ல வித்தவங்க செல பேருக்குப் பூட்டும் போட்டாங்க. பால் மேல ஆரும் பழி சொல்லல, நானும் சொல்லல. ஆனா உன்ற அப்பார்ட்மெண்டுல நடந்த கூத்தைக் கேளு. தண்ணியக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, மறுக்கா வடிகட்டி, பல்லு வெளக்கறதுக்குக்கூட அதைத்தான் எடுத்தாங்க. வாசல்ல பச்சைப் பால் பாட்டில் வந்துட்டேதான் இருந்துச்சு! கேம்பைலோபாக்டரு மாட்டு வயித்துல சாவகாசமாக் குடியிருக்கற ஆளு. மேல் நாட்டுல பச்சைப் பாலக் குடிச்சு வயித்தால போற கேசுல அவன் பேரு அடிக்கடி அடிபடும். தண்ணில வந்தாத் திருடன், பால்ல வந்தா விருந்தாளியா?

அம்மிணி, உனக்குத் தனியா ஒண்ணு. வயித்துல புள்ளையோட இருக்கறவ பச்சைப் பால் பக்கமே போகாதே. லிஸ்டீரியான்னு ஒருத்தன் இருக்கறான், ஃபிரிட்ஜ்ல வெச்சாக்கூட வளருவான். கருவையே கலைச்சுப்போடுவான். சின்னப் புள்ளைகளுக்கு ஒரு வகை ஈ.கோலி கிட்னியவே காலி பண்ணும். இதுல வெளையாட்டு இல்ல.

2024-ல அமெரிக்காவுல, டெக்சாஸ் பக்கம், மாட்டுக்கே பறவைக் காச்சல் வந்துச்சு. கட்டுத்தரைல சுத்திட்டிருந்த பூனைக பச்சைப் பாலக் குடிச்சுச் செத்துச்சு. பூனைக்காச்சும் அடுப்புப் பத்த வெக்கத் தெரியாது.

"அப்ப ஏ2?"ன்னு மெதுவா இழுக்கறே. ஏ2ங்கறது பால்ல இருக்கற ஒரு புரதத்தோட ரகம். நாட்டு மாட்டுல எச்சா இருக்கும், என்ற காங்கேயம் மாட்டுலயும் இருக்கும். எங்க பாட்டிக்கு அது தெரிஞ்சிருந்தா நாங்க இந்நேரம் பங்களா கட்டியிருப்போம். 2024 ஆகஸ்ட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் "பாக்கெட்டுல ஏ1, ஏ2ன்னு போடாதீங்க"ன்னுச்சு. ஒரு வாரம் ஆகறதுக்குள்ள "சொன்னதை வாபஸ் வாங்கிக்கறோம்"னுச்சு. பெரிய எடத்து ஓரியாட்டம், நமக்கெதுக்கு? சாணில இருந்து வந்த கிருமி பாட்டில் மேல எழுதியிருக்கறதப் படிச்சுப் பாத்தா ஏறுது?

காச்சிப்போட்டா எல்லாம் தீந்துச்சான்னு கேட்டா, இல்ல. இங்கதான் நீ காதைத் தொறந்து வெச்சுக் கேக்கோணும். காச்சுனா கிருமி சாகும். அது கக்கி வெச்ச வெசம் எல்லாம் சாகாது. 2000-ல ஜப்பான்ல நடந்துச்சு. ஹொக்கைடோ தீவுல ஒரு பால் பவுடர் ஃபேக்டரி. ஸ்னோ பிராண்டுன்னு பெரிய கம்பெனி. கரண்டு மூணு மணி நேரம் போச்சு. பாலு குளுராம நின்னுச்சு. நம்ம ஸ்டெஃபைலோகாக்கஸ் சொகமாப் பெருகி வெசத்தக் கக்கிப்போட்டான். அப்பறம் சூடு பண்ணுனாங்க, அவன் செத்தான். வெசம் நின்னுச்சு. அந்தப் பவுடரு ஒசாகாவுக்குப் போயி, பாலாகி, 13,000 பேருக்கு மேல வாந்தி எடுக்க வெச்சுச்சு. ஜப்பான்காரன் சுத்தத்துல கெட்டிக்காரன். அவனுக்கே மூணு மணி நேரம்!

இன்னும் ரெண்டு இருக்குது, அடுப்புக்கு அடங்காதது. பூஞ்சை புடிச்ச புண்ணாக்கும் மக்காச்சோளமும் போட்டா, அஃப்ளாடாக்சின் பால்ல எறங்கும். மாட்டுக்கு ஊசி போட்டுப்போட்டு, டாக்டரு சொன்ன நாள் வரைக்கும் பொறுக்காமப் பால ஊத்துனா, அந்த மருந்தும் எறங்கும். 2018-ல நாடு பூரா 6,432 மாதிரி எடுத்துச் சோதிச்சாங்க. யூரியா, சோப்புத்தூள்னு எல்லாரும் வாட்ஸாப்புல அலறிட்டிருந்த காலம். அந்த மாதிரி கலப்படம் சிக்குனது எத்தனை? 12. அஃப்ளாடாக்சின் எச்சா இருந்தது 368. ஊசி மருந்து 77. பால்ல என்னத்தைக் கலக்கறான்னு தேடிட்டிருந்தோம், மாட்டுக்கு என்னத்தைப் போடறான்னு பாக்கல.

பாக்கெட்டுப் பாலை ஏளனமாப் பாக்கறயே, அது ஏற்கனவே 72 டிகிரில 15 செகண்டு சூடாகி வந்தது. உன்ற ஊருக் கட்ராஜ் ஆகட்டும், சித்தளே ஆகட்டும், நம்மூரு ஆவின் ஆகட்டும், பாஸ்டுரைஸ்னு போட்டிருந்தா அதுதான் அர்த்தம். அது குளுரு உடாம உன்ற ஊட்டுக்கு வந்திருந்தா நாலு தடவை பொங்க வெக்க வேண்டியதில்ல. ஒருக்கா கொதிச்சதும் எறக்கி, ஆறுனதும் ஃபிரிட்ஜ்ல வெய்யி, போதும். ஒரே பால வெடியால, மத்தியானம், பொழுதோடன்னு காச்சிக் காச்சி, அப்பறம் "சத்தே இல்ல"ன்னு பொலம்பறாங்களே, அவிகளும் உன்ற கூட்டாளிகதான். ஒருத்தன் காச்சாமக் கெடுக்கறான், ஒருத்தன் காச்சிக் கெடுக்கறான்.

சுத்தத்த எப்படி அளக்கறதுன்னு கேளு. அதுக்கு ஒரு நீல மருந்து இருக்குது, மெத்திலீன் புளூ. குழாய்ல பாலை ஊத்தி, துளி மருந்து உட்டு, ஒடம்புச் சூட்டுல வெச்சுருவாங்க. பாலு நீலமா நிக்கும். கிருமிக மூச்சு உட்டு உட்டு நீலத்தத் தின்னுபோடும், பாலு மறுக்கா வெள்ளையாகும். அஞ்சு மணி நேரம் நீலம் நின்னா ரொம்ப நல்ல பாலு. மூணு நாலு மணி நேரம் நின்னா நல்லது. அரை மணில வெளுத்துதுன்னா, அந்தப் பாலு எப்படி வந்துச்சுன்னு கேக்கறதே பாவம். பெரிய மெசின் வேண்டாம், லேப்புக்காரன் கோட்டு வேண்டாம். சொசைட்டில ஒரு புள்ளை உக்காந்து பாத்துக்கலாம்.

ஆனா பாக்கறதில்ல. ஏன்? பால் ஊத்தறப்ப என்ன பாக்கறாங்க? கொழுப்பு எத்தனை, கொழுப்பு போக மிச்சமிருக்கற சத்து, அதான் எஸ்.என்.எஃப்., எத்தனை. அதுக்குத்தான் காசு. ஒருத்தன் காம்பைக் கழுவி, சுத்தத் துணில தொடச்சு, கறந்தப்பறம் அயோடின் மருந்துல காம்பை முக்கி, கேனைத் தேச்சு வெயில்ல கவுத்து வெச்சு, ஓட்டமா ஓடி வந்து பால் ஊத்தறான். இன்னொருத்தன் தொட்டித் தண்ணில ஒரு அலசு அலசிப்போட்டு ஆடி அசைஞ்சு வர்றான். பெரும்பாலான எடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே ரசீதுதான். அப்பறம் சோப்புக்கு எவன் காசு செலவு பண்ணுவான்? 2024-ல மகாராஷ்டிரத்துல பால் வெலை படுத்துப் போயி, அரசாங்கம் லிட்டருக்கு 5 ரூவா மானியம் குடுக்க வேண்டி வந்துச்சு. அப்பேர்ப்பட்ட பொழப்பு. நீ பாட்டிலுக்குக் குடுக்கற காசுல பாட்டிலுக்கு இத்தனை, பாட்டுக்கு இத்தனை, லட்சுமி போட்டோவுக்கு இத்தனை. கைகழுவறவனுக்கு எத்தனை?

அடுத்த தடவை பால்காரன் கதவத் தட்டுனா மாடு என்ன சாதின்னு கேக்காதே. "நீல மருந்து எத்தனை மணி நேரம் நின்னுச்சு?"ன்னு கேளு. முழிப்பான். முழிக்கட்டும். "அஞ்சு மணி நேரம் நிக்கற பாலுக்கு லிட்டருக்கு ரெண்டு ரூவா எச்சாத் தர்றேன்"னு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திக்க. அப்பறம் பாரு, அவன் கட்டுத்தரைல சோப்பு எத்தனை சீக்கிரம் கரையுதுன்னு.